இரும்பு புகாத கொட்டகை

பாலாம்பாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். மதுரைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆளே கிடையாது. ஆனால் வேலை அப்பழுக்கில்லாமல் இருக்கும். உசிலம்பட்டி சாலையை விட்டு உள்ளே தள்ளி, மானாவாரிக் காட்டுக்கு நடுவில் ஒரு கொட்டகை போட்டிருந்தாள். அதில் ஒரு ஆணிகூடக் கிடையாது. மூங்கில், கயிறு, பனையோலை, மரமுளை, அவ்வளவுதான். இரும்பைக் கண்டால் அவளுக்குச் சாமி வந்துவிடும்.

காரணம் இல்லாமல் இல்லை. மூளைக்குள் ஓடுகிற துளி மின்சாரம் மண்டைக்கு வெளியே ஒரு காந்தப் புலத்தை எழுப்புகிறது. பூமியின் காந்தத்தைக் கோடிக் கூறு போட்டாலும், அதில் ஒரு கூறுக்கும் தேறாத புலம். அதைப் பிடிக்கிற கருவியைத்தான் அவள் வருஷக்கணக்காகக் கட்டியிருந்தாள். ஆளுயரக் குடுவை, அதன் அடியில் திரவ ஹீலியத்தில் முங்கிக் கிடக்கும் ஒரு கம்பிச் சுருள். குடுவையின் அடியைத் தலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் போதும், பக்கத்துக் கொட்டகையில் பேனா காகிதத்தில் கோடு போடும். மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டாவுக்கும் அது கோடு போடும் என்பதுதான் வில்லங்கம்.

1986 மாசியில் அந்தக் கருவிக்கு முன்னால் வந்து படுத்தவள் அன்னக்கொடி. காக்காய் வலிப்பு. அதற்காகவே புருஷன் அவளைத் தாய் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தான். பேய் என்று சொல்லிக் கோடாங்கி வேப்பங்குலையால் அடித்த அடியில் முதுகெல்லாம் கோடு. நரம்பு வைத்தியர் உக்கிரபாண்டிதான் அவளை மெட்ராசுக்கு அனுப்பி மூளையைப் படம் எடுக்க வைத்தார். எப்போதோ புழு புகுந்து செத்த தழும்பு இரண்டு இடத்தில் இருந்தது. அதில் ஒன்றுதான் வலிப்பைக் கிளப்புகிறது. எது என்று யாரும் சொல்ல முடியவில்லை. தெரியாமல் கத்தி வைக்க மாட்டேன் என்று அறுவை செய்கிறவர் கையை விரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் உக்கிரபாண்டி அவளை இங்கே கூட்டிவந்தார்.

தழும்பு எங்கெங்கே என்று பாலாம்பாள் கேட்டதற்கு உக்கிரபாண்டி சொல்ல மறுத்துவிட்டார்.

"சொல்லிட்டா உங்க பேனா நேரா அங்கதான் போய் நிக்கும் மேடம். நீங்களே கண்டுபுடிங்க. சாயங்காலம் வாரேன்."

மனுஷன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. சாயங்காலத்துக்குள் முடிந்தாக வேண்டும். பெங்களூரிலிருந்து வந்த ஹீலியம் அதற்குள் ஆவியாகிவிடும், அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

வேலையைத் தொடங்கியதும் பேனா ஊஞ்சல் ஆட ஆரம்பித்தது. மூளையாவது ஒன்றாவது, காகிதம் முழுக்க மேலும் கீழும் பெரிய பெரிய அலைகள். அன்னக்கொடி மூச்சு இழுத்தால் ஏறியது, விட்டால் இறங்கியது. உடம்பில் எங்கோ இரும்பு இருக்கிறது என்று பாலாம்பாளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று. தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கு, கொண்டை ஊசி, ரவிக்கைக் கொக்கி எல்லாம் ஏற்கெனவே கழற்றியாயிற்று. ரவிக்கைக்கே புதிதாக நாடா தைத்துப் போட்டிருந்தது. இன்னும் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு மகளும் இல்லை என்றாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய் சின்னத்தாயும் சத்தியமாக இல்லை என்றாள். பக்கத்துக் கொட்டகையில் பேனாவைக் கவனித்துக்கொண்டிருந்த உதவியாளன் சீதாராமனுக்குத்தான் அன்றைக்கு அர்ச்சனை. பாவம், அவன் தன் இடுப்பு பெல்ட்டை எப்போதோ கழற்றி வேலமரத்தில் தொங்கவிட்டிருந்தான். உச்சிப் பொழுது வரைக்கும் இப்படியே போயிற்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையப் போகிறது என்று அவளுக்கு அழுகையே முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அன்னக்கொடிக்கு வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்து மூச்சு முட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று உக்கிரபாண்டி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பாலாம்பாளுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"இரும்பு! யாராவது இரும்பு குடுங்கோ!"

கத்தியது சாட்சாத் அவளேதான். ஒரு ஆணி இல்லாமல் கொட்டகை கட்டிய மகராசி, ஊரிலுள்ள இரும்பையெல்லாம் விரட்டியடித்த பெரிய படிப்புக்காரி, கையில் இரும்பு கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று மதுரைத் தெருக்களில் எல்லோரும் ஓடிவருகிற மாதிரியே அவளும் இரும்புக்குப் பறந்தாள்.

சின்னத்தாய் கொஞ்சமும் பதறவில்லை. மகளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, அவள் இடுப்பில் கையை விட்டாள். பாவாடை நாடாவில் முடிந்திருந்த பெரிய பூட்டுச் சாவி ஒன்றை உருவி மகளின் கைக்குள் வைத்து அழுத்தினாள்.

"இருக்கு தாயி. இது இல்லாம இவள நான் எங்கிட்டும் அனுப்புறதே இல்ல."

இழுப்பு தானாக வந்தது, தானாகவே அடங்கியது. பாலாம்பாள் அந்தச் சாவியையே பார்த்தாள். இதைக் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், நகையும் ஊக்கும்தானே கேட்டீக, இது மருந்தாச்சே என்கிறாள் கிழவி. அவளைத் திட்ட வாயெடுத்தவள், சற்றுமுன் தான் போட்ட கூச்சலை நினைத்துக்கொண்டு வாயை மூடினாள். பிறகு சிரிப்பு வந்தது. தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வருகிற மட்டும் சிரித்தாள்.

சிரித்து என்ன செய்ய, சாவியைக் கொடுக்கச் சின்னத்தாய் ஒப்பவில்லை. எடுத்தால் வலிப்பு திரும்ப வந்துவிடும் என்று மகளின் கையைச் சாவியோடு மடியில் இறுக்கிக்கொண்டாள். பாலாம்பாள் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அன்னக்கொடியின் இன்னொரு கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"சாவிய எடுத்துண்டு நீங்க அந்த வேலமரத்தடியில போய் உட்காருங்கம்மா. இரும்புக்குப் பதிலா நான் புடிச்சுக்கறேன். விடவே மாட்டேன்."

சின்னத்தாய் மகளின் கைக்குள்ளிருந்து சாவியை எடுத்துக்கொண்டாள். பிறகு எழுந்து சாவியோடு வெளியே போனாள்.

பேனா அடங்கியது. அன்னக்கொடி அசந்து தூங்கிவிட்டாள். தூக்கத்தில்தான் அந்த மாதிரித் தழும்பு நிறையப் பேசும். பாலாம்பாள் ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கயிற்றில் தொங்கிய குடுவையைத் தலையைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். ஓர் இடத்தில் பேனா வெடுக்கென்று மேலே துள்ளுகிறது என்று சீதாராமன் குரல் கொடுத்தான். தள்ளிப்போய் வேறோர் இடத்தில் அதே வேகத்தில் கீழே துள்ளியது. ஓரிடத்தில் காந்தம் வெளியே வந்து, இன்னோரிடத்தில் உள்ளே நுழைகிறது. அப்படியானால் மின்சாரம் வெடிக்கிற இடம் இரண்டுக்கும் நட்டநடுவில், அடியில் இருக்கிறது. ஹீலியம் தீருகிற வரைக்கும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பேனா சொன்னதையே சொன்னது, வேறெங்கும் துள்ளவில்லை. அன்னக்கொடி விழித்ததும், இடது காதுக்கு மேலே முடியை விலக்கிச் சாந்தால் ஒரு பொட்டு வைத்தாள்.

உக்கிரபாண்டி சொன்ன நேரத்துக்கு வந்தார். குனிந்து பொட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"ரெண்டுல ஒண்ணு சரியா இங்கதான் மேடம் இருக்கு. இன்னொண்ணு அந்தப் பக்கம், பின்னால. அதுல சத்தமே இல்லேல்ல? அப்ப இதான் ஆளு. நாளைக்கே ஆபரேஷனுக்குச் சொல்லிருதேன்."

பாலாம்பாள் தலையை மட்டும் ஆட்டினாள். வாய்க்காரிக்குப் பேச்சு வராததைச் சீதாராமன் அன்றுதான் பார்த்தான். அவளுக்கு மனசு நிறைந்து பொங்கியது, அதை மறைக்கவும் இல்லை.

அன்னக்கொடி விரல் நுனியால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இம்புட்டு இடமா? இம்புட்டு இடத்துக்கா என்னைய அம்புட்டு அடி அடிச்சாங்க?"

முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தபோது அவள் பொட்டை அழிக்காமல் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டாள். பஸ் ஏற்றிவிடப் பாலாம்பாளும் கூடவே சாலை வரைக்கும் போனாள். உசிலம்பட்டி டவுன் பஸ்ஸில் நல்ல கூட்டம். காதுக்கு மேலே என்ன பொட்டு என்று அன்னக்கொடியின் ஊர்க்காரி ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள். அன்னக்கொடி அவளுக்கு மட்டும் சொல்லவில்லை, பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"எனக்குப் பேயில்ல. இங்கன ஒரு தழும்பு இருக்கு. அம்புட்டுதான்."