கம்பளம் கழுவுவோர் கையேட்டின் பதினான்காம் பக்கம்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. முப்பத்திரண்டு பக்கக் கையேடு ஒன்றின் நடுவே வர வேண்டிய ஒரு பக்கமாகத் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியின் தங்கை கம்பளம் சுத்தம் செய்யும் நிறுவனம் நடத்துகிறாள். மூன்று வண்டிகள், பன்னிரண்டு ஆட்கள், ஒரு கிடங்கு, அதற்கு மேலே ஓர் அலுவலக அறை. புதிதாக ஆறு பேரைச் சேர்க்கிறாள். அவர்கள் கையில் கொடுக்க ஒரு பயிற்சிக் கையேடு வேண்டும் என்று என்னிடம் வந்தாள்.

"பேப்பர்ல முப்பது வருஷம் எழுதினவர்தானே அத்தான். இப்ப சும்மாதானே இருக்கீங்க."

முதல் வாக்கியத்தில் மகிழ்ந்து, இரண்டாவதில் மாட்டிக்கொண்டேன்.

பெரிய வேலை இல்லை. அலுவலகச் சுவரில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள் தொங்குகிறது. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை செய்ய வேண்டிய ஒன்பது படிகள் அதில் வரிசையாக இருக்கின்றன. ஆறு வருடங்களுக்கு முன் அவளே எழுதியது. ஒவ்வொரு படிக்கும் இரண்டு மூன்று பக்கம் விளக்கம் எழுதினால் கையேடு முடிந்தது. பதினான்காம் பக்கத்துக்கு மட்டும் தனியாக ஒரு கோரிக்கை வைத்தாள்.

"அதுல நம்ம கம்பெனியில நடந்த ஒரு தப்பைப் போடுங்க. கதை மாதிரி இருக்கணும். படிக்கிறவனுக்கு வயித்தைக் கலக்கணும்."

தலைப்பையும் அவளே கொடுத்தாள்: 'கவனக்குறைவு.'

2

நடந்தது இதுதான்.

ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவரின் வரவேற்பறை. தரையில் கம்பளிக் கம்பளம். நடுவில் அடர்சிவப்பு, சுற்றிலும் ஒரு முழ அகலத்துக்கு யானைத் தந்த நிறக் கரை. வேலைக்குப் போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் மெஷின் ஓட்டுபவர், பட்டப்பெயர் புயல். மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே வருவார் என்பதால் அந்தப் பெயர். இன்னொருவர் நிறுவனத்தின் பயிற்சியாளர். எல்லோருக்கும் டீச்சரக்கா. நைலான் கம்பளம் என்றால் யாரை வேண்டுமானாலும் அனுப்புவார்கள். கம்பளி என்றால் டீச்சரக்கா போவார்.

கழுவுவதற்கு முன் சாயச் சோதனை செய்ய வேண்டும். சோப்புக் கரைசலில் நனைத்த வெள்ளைத் துணியைக் கம்பளத்தின் ஒரு மூலையில், ஒவ்வொரு நிறத்தின் மேலும் தனித்தனியாக அழுத்திப் பிடித்து எடுத்துப் பார்க்க வேண்டும். துணியில் நிறம் ஒட்டினால் அந்தக் கம்பளத்தின் மேல் மெஷினை வைக்கக் கூடாது. டீச்சரக்கா பிடித்துப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. புயல் மெஷினை ஓட்டினார். பாதிக் கம்பளம் முடிவதற்குள் சிவப்பு, கரைக்குள் நான்கு விரல் அகலத்துக்கு இறங்கியிருந்தது.

இரண்டு நாள் கழித்து என் மைத்துனி டீச்சரக்காவைப் பயிற்சியிலிருந்து எடுத்து டெலிபோன் மேசையில் உட்கார வைத்தாள். கையேடு வந்துவிட்டால் பயிற்சியாளரே தேவையில்லை என்றும் அலுவலகத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அந்தக் கையேட்டைத்தான் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

3

முதல் தொடக்கம்: 'அன்று காலையிலிருந்தே வானம் மூடியிருந்தது.'

புயலிடம் விசாரித்தேன். "வெயில் மண்டையைப் பொளந்துச்சு சார்" என்றார். அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: 'அவர் மனம் அன்று வேலையில் இல்லை. ஏதோ ஒன்று அவரை'

('ஏதோ' என்று எழுதுகிறவனுக்கு விஷயம் தெரியவில்லை என்று பொருள். இதைச் சொல்லியே எத்தனை நிருபர்களின் செய்தியைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.)

மூன்றாம் தொடக்கம்: 'நீண்ட அனுபவம் தந்த அலட்சியத்துடன் துணியை ஒரு நொடி வைத்து எடுத்துவிட்டு,'

இது நன்றாக ஓடியது. மைத்துனி கேட்ட வயிற்றுக் கலக்கமும் இதில் இருந்தது. ஒரே சிக்கல், இந்த அலட்சியத்தை நான் எங்கிருந்தும் பார்த்து எழுதவில்லை. கதைக்கு ஒரு குற்றம் தேவைப்பட்டது, அதற்குப் பொருத்தமான குணத்தைத் தைத்து அந்தப் பெண்மணிக்குப் போட்டுவிட்டேன். அளவு சரியா என்று பார்க்கக்கூட இல்லை. ஆளைப் பார்க்காமல் செய்தி எழுதக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொன்ன வாய் இது. எழுந்து அலுவலகத்துக்குப் போனேன்.

4

டீச்சரக்கா டெலிபோனில் இருந்தார்.

"கறை மேல எதை ஊத்தினீங்க?... சரி. அதுக்கு மேல?... அம்மா, மூணாவதா எதையும் ஊத்தாதீங்க. நாளைக்கு எங்க ஆள் வர்ற வரைக்கும் அது மேல ஒரு நாற்காலியைப் போட்டு நீங்களே உட்காந்துக்குங்க."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன சார், என்னைப் பாடமா போடப்போறீங்களாமே."

"யார் சொன்னது?"

"புயல்தான். ஆள்தான் லேட்டா வருவாரு, சேதி முன்னாடியே வந்துடும்."

குரலில் கோபம் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தப்பு என்மேலதான் சார். இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கலருக்கும் அறுபது எண்ணுவேன். அன்னைக்கும் எண்ணினதாத்தான் நினைப்பு. நடுவுல எங்கயோ விட்டிருக்கேன் போல. ஒரு மாசமா இதே யோசனை. வீட்டுல துணி மடிக்கும்போதுகூட கை தானா அழுத்திப் பிடிச்சு எண்ண ஆரம்பிக்குது."

என் பையில் நான்காம் தொடக்கம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். 'வெந்நீரில் நனைத்த வெள்ளைத் துணியைச் சிவப்பின் மேல் வைத்து அழுத்தினார். துணியிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. ஒன்று, இரண்டு' என்று அது தொடங்கும்.

[ஆவி என் கைச்சரக்கு. காட்சிக்குக் கொஞ்சம் உயிர் வரட்டும் என்று சேர்த்தது. வேறு காரணம் எதுவும் எனக்கு இருந்ததாக யாரும் எண்ண வேண்டாம்.]

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். சிரித்தார்.

"வெந்நீருக்கு நான் எங்க சார் போவேன்? அந்த நேரத்துல மெஷின் சூடாகியே இருக்காது."

"அப்ப எதுல நனைப்பீங்க?"

"அவங்க வீட்டுக் குழாயில பிடிச்ச பச்சைத் தண்ணிதான். மெஷின்ல தண்ணி சூடாகப் பன்னெண்டு நிமிஷம் ஆகும். சும்மா நிக்க வேண்டாம்னு அதுக்குள்ள சோதனையை முடிச்சிடுவோம். தாள்லயே இருக்கே சார். மூணாவது படி, மெஷினைப் போடு, சூடாகிற நேரத்துல சோதனையை முடி. நாலாவது படி, தண்ணி சூடானதும் கழுவு."

அங்கே நிறுத்தினார். டெலிபோன் அடித்தது. எடுக்கவில்லை.

"கழுவறது சுடுதண்ணியில" என்றார்.

டெலிபோன் அடித்து ஓய்ந்தது.

"பச்சைத் தண்ணியில பிடிச்சுப் பார்த்துட்டு சுடுதண்ணியில கழுவறோம். அறுபது இல்ல சார், அறுநூறு எண்ணியிருந்தாலும் அந்தத் துணி வெள்ளையாத்தான் இருந்திருக்கும்."

5

டாக்டர் வீட்டுக் கம்பளம் கிடங்கில்தான் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. டீச்சரக்கா ஒரு மூலையை விரித்தார். குழாய்த் தண்ணீரில் கரைசல் கலந்து, துணியை நனைத்து, சிவப்பின் மேல் வைத்து அறுபது எண்ணினார். துணி வெள்ளை. புயல் மெஷினில் தண்ணீரைச் சூடாக்கிப் பிடித்துக் கொடுத்தார். அதே கரைசல், புதுத் துணி, அதே சிவப்பு. இருபது எண்ணுவதற்குள் டீச்சரக்கா துணியை எடுத்துக் காட்டினார். வெற்றிலை துப்பியது போல இருந்தது.

('சாயம் வெளுத்தது' என்று இதற்குத் தலைப்பு வைக்கப் பத்திரிகைக்காரன் எவனுக்கும் கை துறுதுறுக்கும். வைக்கவில்லை.)

புயல் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப ஆறு வருஷமா கம்பளத்தோட புண்ணியத்துலதான் பொழச்சோம்னு சொல்லுங்க."

உண்மைதான். அவர்கள் கழுவும் கம்பளங்களில் பத்துக்கு ஒன்பது நைலான். அதில் சாயம் எளிதில் இறங்காது. மீதி ஒன்றில் நல்ல சாயமாக வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

6

மைத்துனியைப் பற்றிக் கவனமாக எழுத வேண்டும். வீட்டில் மனைவி ஏற்கெனவே சொல்லிவிட்டாள்: "என் தங்கச்சியை வில்லியாக்கிடாதீங்க." கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அதுக்காக முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கவும் வேணாம்" என்றாள்.

வில்லி இல்லை. வாடகை மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு, அடுத்தவர் வீட்டு சோபாவுக்கு அடியில் தவழ்ந்து தவழ்ந்து இந்த நிறுவனத்தை உண்டாக்கினாள். சிவப்புத் துணியை அவள் மேசையில் வைத்தபோது மறுக்கவில்லை. சுவரிலிருந்த தாளைக் கழற்றி நெடுநேரம் பார்த்தாள். மறுநாள் கூப்பிட்டாள்.

"வரிசையை மாத்திட்டேன் அத்தான். கையேட்டுல புதுசு போட்டுடுங்க. இனிமே தண்ணி சூடான பிறகுதான் சோதனை. ஒவ்வொரு வீட்டுலயும் பத்து நிமிஷம் கூடப் போகும், போகட்டும்."

"பதினாலாம் பக்கம்?"

"அது அப்படியே இருக்கட்டும்."

"கவனக்குறைவுங்கிற தலைப்போடவா?"

"கதைதானே. பேரா போடறோம்?"

"பன்னிரண்டு பேருக்கும் அது யாருன்னு தெரியுமே."

"தெரியட்டும். வரிசை தப்பினா வேலையை விட்டுப் போன்னு ரெண்டு பேரை அனுப்பியிருக்கேன் அத்தான். அந்த வரிசையே தப்புன்னு நானே அச்சடிச்சுக் கையில கொடுத்தா, நாளைக்கு எவன் என் பேச்சைக் கேப்பான்?" பிறகு, என்னைப் பார்க்காமல், "அவங்களை என்ன வேலையை விட்டா எடுத்தேன்? முட்டி வலின்னு அவங்களே சொல்லிட்டிருந்தவங்கதானே" என்றாள்.

7

இதை டீச்சரக்காவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ.

"வரிசை மாறிடுச்சுல்ல. நல்லது சார்."

"அவ்வளவுதானா?"

"புதுத் தாள் புது ஆளுங்களுக்குத்தான். பழைய ஆளுங்க ஒம்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்தது நான். அவங்க எந்தத் தாளையும் பார்க்க மாட்டாங்க, கை பழகிப்போச்சு. டீச்சரக்கா அவசரப்பட்டுட்டாங்க, நாம நல்லா அழுத்திப் பிடிப்போம்னு பச்சைத் தண்ணியிலயே பிடிச்சிட்டிருப்பாங்க. அடுத்த கம்பளத்துல சாயம் இறங்கும். இறங்கினா, என்னை மாதிரி அவங்களும் தன்னைத்தானே திட்டிக்கிட்டு உட்காந்திருப்பாங்க."

"உங்களுக்கு என்ன வேணும்?"

யோசிக்கவே இல்லை. "திங்கக்கிழமை புது ஆளுங்க வர்றப்ப, கீழ பயிற்சி நடக்கிற அந்த நீள மேசையில நான் உட்காரணும். என்னை ஏன் எழுப்பினாங்க, ஏன் திரும்ப உட்கார வெச்சாங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு உட்காரணும். சும்மா பாவம்னு உட்கார வெச்சா வேணாம்."

8

முடிவு ஒன்று: மைத்துனி எல்லோரையும் கிடங்கில் கூட்டி, 'தப்பு என்னுடையது' என்கிறாள். (அவள் பாவாடை சட்டை போட்ட நாளிலிருந்து எனக்கு அவளைத் தெரியும். அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: டீச்சரக்கா வேலையை உதறிவிட்டுச் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்குகிறார். இதை அவரிடமே படித்துக் காட்டினேன். "அந்த மெஷின் என்ன விலைன்னு தெரியுமா சார்? கதையில வாங்கிக் கொடுத்துட்டு நீங்க பாட்டுக்குப் போயிடுவீங்க" என்றார்.

முடிவு மூன்று: கேட்டபடியே எழுதிக் கொடுக்கிறேன். கையேட்டில் என் பெயர் வரப்போவதில்லை, குடும்பத்தில் சண்டை இல்லை, பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று எல்லோரும்

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. முடியாததாகவே விடுகிறேன்.

கடைசியில் அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதினேன். மைத்துனி கொடுத்த தலைப்பை எடுத்தேன். வானம், ஆவி, அலட்சியம் எல்லாம் போயின. மிஞ்சியது இது:

பக்கம் 14. பயிற்சி.

நம் ஆட்கள் இருவர் ஒரு கம்பளிக் கம்பளத்தைக் கழுவினார்கள்.
10.05: மெஷின் போடப்பட்டது.
10.07: குழாய்த் தண்ணீரில் கலந்த கரைசலில் துணியை நனைத்துச் சாயச் சோதனை. நிறத்துக்கு அறுபது எண்ணிக்கை. துணி வெள்ளை.
10.17: மெஷினில் தண்ணீர் சூடானது.
10.20: கழுவத் தொடங்கினார்கள்.
10.45: சிவப்பு, கரைக்குள் நான்கு விரல் இறங்கியது.
அன்றைய தாளில் இருந்த வரிசையை இவர்கள் ஒரு படியும் தவறாமல் செய்தார்கள்.
கேள்வி: துணி ஏன் வெள்ளையாக இருந்தது?
இருவர் இருவராகப் பேசி விடை எழுதவும். பழைய ஆட்களும் எழுத வேண்டும்.

இதற்குக் கீழே ஏழு கோடுகள் போட்டு வெறுமையாக விட்டேன்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் இன்று மாலை மைத்துனியின் மேசையில் வைத்தேன். அவளுக்குத் தெரியாமல் அனுப்பியிருக்கலாம், செய்யவில்லை. நின்றபடியே படித்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள். அடிக்கவா, கையெழுத்துப் போடவா என்று பார்க்காமல் நான் படி இறங்கி வந்துவிட்டேன். நிருபன் செய்யக் கூடாத காரியம்தான். ஆனால் பார்த்திருந்தால், நான் பார்த்ததோடு உங்களுக்கும் இந்தக் கதை முடிந்துபோயிருக்கும்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஆறு பேர் வருகிறார்கள். கிடங்கில் நீள மேசையைத் துடைத்துப் போட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் ஆறு நாற்காலி, அந்தப் பக்கம் ஒன்று. அந்த ஒன்றில் யார் உட்கார்ந்து கேள்வியைக் கேட்கிறார்கள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன் ஒரு தகவலை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தாளையும் ஒருமுறைக்கு மேல் படிக்கிற பொறுமை என் மைத்துனிக்குக் கிடையாது. இதை இரண்டு முறை படித்தாள்.