அடுப்பை இடிக்கும் முன்

வசூல் முடிய இன்னும் முப்பத்தொரு மணி நேரம் இருந்தது. கொத்தனார் ப்ரோன்யுஸ் சம்மட்டியோடு வந்து பேக்கரியின் பழைய செங்கல் அடுப்பின் முன் நின்றார். இடியுங்கள் என்று கடைக்காரி ரமுனே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை.

போலந்திலிருந்து புது அடுப்பு சனிக்கிழமை காலை லாரியில் வருகிறது. அதற்குள் பழையதை இடித்து இடத்தைக் காலி செய்தாக வேண்டும். புது அடுப்புக்கான பணம் இணையத்தில் பலரிடமிருந்து சிறுகச் சிறுகச் சேர்ந்துகொண்டிருந்தது. பாதிக்கு மேல் ஜெர்மனிக்காரர்களும் டச்சுக்காரர்களும் போட்டது. குறித்த தொகை முழுதாகச் சேர்ந்தால்தான் கைக்கு வரும். இல்லையென்றால் போட்டவர்களுக்கே திரும்பிவிடும். பணமும் வராமல் அடுப்பும் போனால், ரமுனே கடைக்குப் பூட்டுப் போடவேண்டியதுதான்.

ஞாயிறு வரை தினமும் ஏறிக்கொண்டிருந்த தொகை, திங்கட்கிழமையிலிருந்து அசையவில்லை.

காலையில் ஜெர்மனியின் ப்ரெமனிலிருந்து தங்கை யோலிதா கூப்பிட்டிருந்தாள்.

"அக்கா, நானும் கொஞ்சம் போடலாம்னு பாத்தா உள்ளயே விடமாட்டேங்குது. 'உங்கள் நாட்டில் இந்தச் சேவை இல்லை'ன்னு வருது. போன வாரம் எங்க வீட்டுக்காரர் போட்டாரே, அப்ப மட்டும் இருந்துச்சாமா?"

ரமுனே உடனே வைடோட்டஸைப் போனில் பிடித்தாள். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது தலைநகர் வில்னியுஸில் இந்த வசூல் தளத்தை நடத்துகிறவன்.

"சர்வர்ல ஏதோ பராமரிப்பு வேலை நடக்குது" என்றான்.

"திங்கட்கிழமையிலேர்ந்தா? அப்படி என்னடா கழுவி ஊத்துறீங்க?"

"நேர்ல வர்றேன், ரமுனே."

அதுதான் அவளுக்கு உறுத்தியது. நல்ல செய்தி சொல்ல வில்னியுஸிலிருந்து இங்கே பானெவேழிஸ் வரை எவனும் பெட்ரோல் செலவழிப்பதில்லை.

வசந்தகாலத்தில் வைடோட்டஸ் இதே அடுப்பருகே உட்கார்ந்து அவளுடைய கறுப்பு ரொட்டியைப் பாதி தின்று தீர்த்தபடி பேசினான். "இனிமே ஐரோப்பாவுக்கே ஒரே லைசென்ஸ். அது இருந்தா இருபத்தேழு நாட்டுலயும் பணம் திரட்டலாம். உள்ளூர் அனுமதியெல்லாம் நவம்பர் பத்தோட செல்லாது."

"உனக்குப் புதுசு வந்துடுச்சா?"

"வந்த மாதிரிதான்."

அன்று அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. நாளைதான் நவம்பர் பத்து.

வாசலில் கார் வந்து நின்றது. வைடோட்டஸ் எஞ்சினை அணைக்காமலே இறங்கினான். படிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கை குலுக்கக் கையை நீட்டினான். வாசற்படிக்குக் குறுக்கே கை கொடுப்பது அபசகுனம்; இங்கே பிறந்த எவனும் செய்யாத காரியம். ரமுனே தன் கையை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"புத்தி எங்க போச்சு? உள்ள வா முதல்ல."

"இல்ல, உடனே கிளம்பணும்."

"பணத்தச் சுருட்டிட்டியா?"

"ஐயோ! ஒரு சென்ட் தொடல. பேங்க்ல தனியா அப்படியே இருக்கு."

"அப்ப இடிக்கச் சொல்லட்டுமா?"

வைடோட்டஸ் தன் ஷூவைப் பார்த்தான். "போன வருஷமும் இதே நவம்பர் பத்துன்னுதான் பயமுறுத்தினாங்க. கடைசியில ஒரு வருஷம் தள்ளிப் போட்டாங்க. இந்தத் தடவையும் தள்ளிப் போடுவாங்கன்னு நாங்க..."

"நான் அதக் கேக்கல. இடிக்கலாமா, வேணாமா?"

"நாளைக்குள்ள ஏதாவது வழி..."

"தாயி," ப்ரோன்யுஸ் குரல் கொடுத்தார், "நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள இந்த அடுப்பு தானா விழுந்துடும் போலிருக்கு."

ரமுனே வைடோட்டஸின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மேஸ்திரி, இடிங்க."

ப்ரோன்யுஸ் உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு சம்மட்டியைத் தூக்கினார். அதுவரை வெளியே நின்றவன் ஒரே தாவலில் படியைத் தாண்டி வந்து, காலையில் சுட்ட ரொட்டியின் சூடு இன்னும் ஆறாத அடுப்பின் மேல் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் விரித்தான்.

"வேணாம்! இடிக்காதீங்க!" என்று கத்தினான். "ரமுனே, எங்களுக்கு லைசென்ஸ் கிடைக்கல."