கிணற்றடிக் காட்சியில் நான் தூங்கினேன்

1.
இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. இல்லை, அதற்கும் முன்னால், குளிர் நூடுல்ஸில். (நூடுல்ஸ் இரண்டு கிண்ணம். பொய் ஒன்றுதான்.)

தொண்ணூற்று நான்கில் சியோலில் ஒரு வாரப் பத்திரிகைக்குச் சினிமா விமர்சனம் எழுதிவந்தேன். குளிக்க இறங்கிய வானுலகப் பெண்ணின் சிறகாடையை ஒளித்துவைத்து அவளையே மணந்துகொள்ளும் விறகுவெட்டியின் கதை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதைக் காதல் படமாக எடுத்திருந்தார்கள். ‘திருட்டுக்குப் பூச்சூட்டிய படம். நாயகி அவனை ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை’ என்று எழுதினேன். ஐந்து பத்திரிகைகள் அதையே வழிமொழிந்தன. அரங்குகள் காலியாயின.

எழுதாமல் விட்டது: பத்திரிகையாளர் காட்சியில், படத்தின் நடுவே, இரண்டு கிண்ணம் குளிர் நூடுல்ஸ் சாப்பிட்ட மயக்கத்தில் இருபது நிமிடம் தூங்கிவிட்டேன்.

2.
‘மழை சன்னலைத் தட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில் அவள்…’

வேண்டாம். மழையே இல்லை, நல்ல வெயில். நாயகியாக நடித்த யாங் உன்சில், அலுவலகத்துக்குக் கீழே இருந்த தேநீர்க்கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். அவருக்கு அதுதான் முதல் படம்.

“ஐயா, அவ ஒரு கேள்விகூடக் கேக்கலன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமாம்மா.”

“கிணத்தடியில என்ன கேக்குறா?”

“அது… ஒரு படிமமா…”

“தூங்கிட்டீங்களா?”

(முந்தைய பிரதியில் இங்கே மிடுக்காக ஒரு பதில் சொல்லியிருந்தேன். அடித்துவிட்டேன். உண்மையில், பதற்றத்தில் அவருடைய தேநீரை எடுத்துக் குடித்தேன்.)

“சண்டைக்கு வரல ஐயா. நாளையோட படத்தத் தூக்குறாங்க. மத்தியான ஆட்டத்துக்கு வாங்க. சாப்பிடாம வாங்க.”

3.
அரங்கில் எங்களையும் சேர்த்து ஏழு பேர்.

கிணற்றடியில் விறகுவெட்டி ஆடையைத் திருப்பித் தருகிறான். அவள் அதைத் தொடாமல் கேட்கிறாள்: “நான் அழாம இருந்திருந்தா, இத எப்போ குடுத்திருப்பே?” கேமரா அவன் முகத்தைவிட்டு நகரவே இல்லை.

நான் திருட்டு என்று கண்டுபிடித்ததைப் படம் எனக்கு முன்பே, என்னைவிட நன்றாகச் சொல்லியிருந்தது. என் கண்கள் கலங்… (சரி, கொட்டாவியும் வந்தது. இரண்டும் உண்மை.)

4.
வழிமொழிந்தவர்களில் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். “நீங்க பாத்துட்டீங்களேன்னு நான் பாக்கல அண்ணே” என்றார்.

‘நான் தூங்கினேன்’ என்று திருத்தம் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் மியோங் தலையில் கைவைத்தார். “யோவ், இனிமே ஒன் விமர்சனத்த எவன்யா நம்புவான்?” ஆனாலும் போட்டார். ஊர் சிரித்தது. படம் அதற்குள் அரங்குகளைவிட்டுப் போயிருந்தது. உன்சிலை அடுத்த படத்துக்கு ஒப்பந்தம் செய்யவிருந்த தயாரிப்பாளரும் கைவிட்டுப் போயிருந்தார்.

5.
உன்சில் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“படிச்சேன். கிணத்தடியப் பத்தி நல்லா எழுதியிருக்கீங்க. மிச்சப் படம்?”

சிக்கல் இதுதான்: மிச்சப் படம் சலிப்பு. கடைசி அரைமணி நேரம் விழித்திருக்கத் தொடையைக் கிள்ளிக்கொண்டேன்.

முடிவு ஒன்று: “அருமை” என்கிறேன், அவர் மகிழ்கிறார். நான் மறுபடி தூங்கிய விமர்சகன்.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறேன். அவர்…

“பிடிக்கலன்னாலும் சொல்லுங்க ஐயா. எழுதினவங்கள்ல முழுசாப் பாத்தவரு நீங்க ஒருத்தர்தான்.”

“அம்மா, நீங்க நல்லாப் பண்ணியிருக்கீங்க. ஆனா படம்…”

இந்த வாக்கியத்தைப் பதினோரு முறை எழுதி அடித்துவிட்டேன். நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். அவர் இன்னும் இணைப்பில்தான் இருக்கிறார், மூச்சு கேட்கிறது.