மசாஜ் எண்ணெய் வாசமும் விஜய்பாண்டியும்

1.
இந்தக் கதை முழுக்க என்னுடையது இல்லை. குற்றாலத்திலிருந்து தென்காசி வரும் பஸ்ஸில் ஒரு பெண் தன் புருஷன் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பக்கத்தில் நனைந்த சேலையோடு மாமியார் முறைத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, மீதியை எழுதிக்கொண்டேன். அவனுக்கு விஜய்பாண்டி, அவளுக்குச் சுஜிதா என்று பேர் வைத்தேன்.

2.
முதல் வரி: சாரல் அவன் மனதிலும்—
(அடித்துவிட்டேன். சீசன் வந்தால் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.)

மறுபடியும்: விஜய்பாண்டி வலி மாத்திரைப் போதையில் கிடந்தவன். குற்றாலத்தில் எண்ணெய் மசாஜ் கொட்டகைகளுக்குப் பின்னால் வைத்துத்தான் எப்போதும் மாத்திரை போடுவான். சிகிச்சை எடுத்து அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டான். மகன் மீண்டால் அருவியில் குளிக்கவைத்து, குற்றாலநாதருக்கு அர்ச்சனை செய்வதாக அம்மா நேர்ந்திருந்தார். நல்ல எண்ணம்தான், இடம்தான் தப்பு.

(தெரிந்த டாக்டர் ஒருவரைக் கேட்டேன். மாத்திரை உடம்பை விட்டுப் போய்விடுமாம், மூளை படித்த பாடம் போகாதாம். பழைய இடமோ வாசனையோ பட்டால் மாத்திரை கைக்கு வருமுன்பே ஆசை பொங்கும். 'வேண்டாம்' என்று தடுக்கிற, நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதி, அந்த நேரம் பார்த்துப் பிடி தளரும். கட்டுரை மாதிரி இருக்கிறதா? இருக்கட்டும்.)

3.
அம்மா முந்திப் போய் அருவியில் நின்றுவிட்டார். எண்ணெய் வாசம் வந்தது. விஜய்பாண்டிக்கு எச்சில் ஊறியது.

"இந்தக் குளிர்ல எதுக்கு இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"காலு அங்கன இழுக்குது, சுஜி."

(இங்கே சுஜிதாவை அழவைத்திருந்தேன். சரிப்படவில்லை. பஸ்ஸில் பார்த்தவள் அழுகிற ஆள் இல்லை.)

"இழுத்தா இழுக்கட்டும். நீங்க என்கூட வாங்க." துண்டால் அவன் மூக்கைப் பொத்தினாள்.

"ஏட்டி, மூச்சு முட்டுது!"

"வாயால விடுங்க. அது என்னைக்குச் சும்மா இருந்திருக்கு?"

அம்மா சொட்டச் சொட்ட ஓடிவந்தார். "குளிக்காமப் போனா சாமி குத்தம்லா!"

"சாமிக்கு நான் சொல்லிக்கிடுதேன் அத்தை. பஸ்ஸு வருது, ஏறுங்க."

4.
முடிவுகள்.

அ) அவன் கையை உதறிவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால்—
(இதை எழுதுவது ரொம்பச் சுலபம். அதனாலேயே நிறுத்தினேன்.)

ஆ) அருவியில் குளித்தான், ஆசை அடியோடு போயிற்று. அம்மாவுக்குப் பிடிக்கும். ஆனால் எல்லாம் முடிந்தது என்று நம்புகிற அன்றைக்குத்தான் அவன் அந்தப் பக்கம் தனியாகப் போவான். அந்தப் பழி எனக்கு வேண்டாம்.

ஆகையால் முடிவு எழுதவில்லை. வேண்டுமென்றால் நீங்கள் எழுதுங்கள். அவனைத் தனியாக மட்டும் விட்டுவிடாதீர்கள். இப்போதைக்கு மூன்று பேரையும் தென்காசியில் ஒரு பரோட்டாக் கடையில் உட்காரவைத்திருக்கிறேன்.

"அடுத்த சீசனுக்கு என்னலே செய்வ?" என்கிறார் அம்மா.

"அப்பப் பாத்துக்கிடுவோம்மா. இப்ப அந்தச் சால்னாவ இங்கன தள்ளு."