பயனாளி நேரில் வர வேண்டும்

1

இந்தக் கதையை நான் திண்டிவனத்தில் ஒரு வங்கி வரிசையில் நின்றபடி திருடினேன். 2013, ஆடி மாதம், ஏசி ஓடவில்லை. என் கணக்கும் முடங்கித்தான் கிடந்தது. ஆனால் எனக்கு முன்னால் நின்றவரின் கணக்கு முடங்கிய விதம் என்னுடையதைவிட அழகாக இருந்தது.

2

[முதல் தொடக்கம்: "உலகெங்கும் பயங்கரவாதம் தலைவிரித்தாடும் இந்நாளில்…" வேண்டாம். மேடையில் பேசுகிற மாதிரி இருக்கிறது.]

அதிகாரி அம்பிகா முந்தின நாள்தான் விழுப்புரத்தில் பயிற்சிக்குப் போய் வந்திருந்தாள். பயங்கரவாதிகளுக்குப் பணம் போகாமல் தடுப்பது எப்படி, மதியம் புளிசாதம். எதிரே சீனுவாசன், மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பத்தின் புது நாட்டார், அதாவது ஊர்த்தலைவர். ஊர்க்கணக்கை 1993இல் கங்கையம்மன் பெயரிலேயே தொடங்கியிருந்தார்கள்.

"இந்தப் பணத்துக்கு உண்மையான பயனாளி யாருங்க?"

"அம்மாதாங்க."

"எடுக்கச் சொல்றது?"

"அதுவும் அம்மாதான். யாரு மேலயாவது வந்து சொல்லும். நாங்க எடுத்துக்கினு போய்ச் செய்வோம்."

"யாரு மேல?"

"அது அம்மா இஷ்டங்க. போன வருசம் ஐஸ் கம்பெனி வாட்ச்மேன் மேல வந்துச்சு."

அம்பிகா முந்தின நாள் பயிற்சிக் குறிப்பை எடுத்துப் புரட்டினாள். மறைவில் இருக்கும் ஒருவர் உத்தரவிட, ஆள் மாற்றி ஆள் வந்து பணம் எடுத்தால் உடனே மேலிடத்துக்குத் தெரிவியுங்கள் என்று விழுப்புரத்தில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

"நாளைக்குக் கூழு ஊத்தணும் மேடம். கேப்பை மாவு மில்லுல நிக்குது. காசு குடுத்தாத்தான் மூட்டைய விடுவான். நான் நாட்டாரான மொத வருசமே கூழு இல்லன்னா ஊருல தலை காட்ட முடியாது."

(இங்கே அம்பிகாவைக் கல்நெஞ்சக்காரியாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அவளுக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, வேலையை நினைத்துப் பயமாகவும் இருந்தது.)

தப்பித்துக்கொள்ளத்தான் சொன்னாள்: "பயனாளி நேர்ல வந்து கையெழுத்துப் போட்டா விட்டுடலாம்."

"அவ்ளோதானா? கூட்டிக்கினு வர்றேன்" என்று சீனுவாசன் கிளம்பிவிட்டார்.

3

முடிவு அ: வாசலில் பம்பைச் சத்தம். வாட்ச்மேன், சாமி வந்து ஆடியபடி நுழைகிறார், வங்கிக் காவலாளி அவரிடம் டோக்கனை நீட்டி… [அடித்துவிட்டேன். அம்மனுக்கு டோக்கன் கொடுக்க எனக்குத் தைரியமில்லை.]

முடிவு ஆ: பம்பை வந்தது, வாட்ச்மேனும் வந்தார். அவருக்குக் கொட்டாவிதான் வந்தது. எவ்வளவு அடித்தும் அம்மன் இறங்கவில்லை. சீனுவாசன் முகம் தொங்கிப்போனது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அப்போதுதான் பேனா பிடித்திருந்த அம்பிகாவின் கை நடுங்கத் தொடங்கியது. குளிர் என்று எழுதி நழுவிவிடலாம். ஆனால் ஏசி ஓடவில்லை என்று முதல் பத்தியிலேயே சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

படிவத்தில் கையெழுத்து விழுந்துவிட்டது. அது யாருடையது என்று மேலிடம் கேட்டால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றது நீங்கள். மாவு மூட்டை மில்லிலிருந்து கிளம்பிவிட்டது.