முந்திப் பிடித்த பிரேக்

எட்டு மாதமாக ஓட்டிவந்த ஆட்டம் அழிந்துபோயிருந்ததை அவள் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கண்டாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. காலை ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீடு திரும்பினால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஐந்து மணி வரை ஹால் அவளுக்குத்தான். கணவன் வாங்கி வைத்திருந்த கேம் மெஷினைப் பெரிய டிவியில் மாட்டிக் கார் பந்தயம் ஓட்டுவாள். ஓட்டைக் காரில் தொடங்கி, ஒவ்வொரு பந்தயமாக ஜெயித்துக் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தாள். இன்னும் இரண்டே பந்தயம். அன்றைக்குத் திறந்து பார்த்தால் அவள் பெயர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

சாயங்காலம் விசாரித்தாள்.

"நான்தான் அழிச்சேன்" என்றார் கணவனின் அண்ணன், சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே. "மெஷின்ல இடம் பத்தலை. புது ஆட்டம் ஏத்தணும்ல?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அத்தான்."

"எதுக்குக் கேக்கணும்? நீ ஓட்டின காரெல்லாம் எப்படியும் இடிச்ச காருதானே? பழைய இரும்புக்குப் போகவேண்டியது. நான் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிட்டேன்."

அவர் மனைவி சிரித்தாள். இவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. ஆனால் சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்திருந்த இவள் கணவனும் சிரித்தான். அதுதான் முள்ளாய்த் தைத்தது.

இடிச்ச கார் என்ற பேச்சுக்கு ஆறு வயது. அத்தான் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். கல்யாணமான புதிதில் அவளுக்கு அவர்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஒருநாள் ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்கூல் கேட்டில் இடித்துவிட்டாள். மறுநாள், அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி, "இறங்கு. காரை ஒரு சுத்து சுத்தி வா. எது முன்பக்கம், எது பின்பக்கம்னு பாத்துட்டு வந்து ஏறு" என்றார். நர்சுகள், வார்டு ஆட்கள், அவள் எக்ஸ்ரே எடுத்த நோயாளிகள் எல்லோரும் பார்க்க அவள் காரைச் சுற்றி வந்தாள். பிறகு வேறு ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினாள். ஆனாலும் வீட்டுக் காரின் சாவியை அவள் கையில் யாரும் கொடுத்ததில்லை. விருந்தாளி யார் வந்தாலும் கேட்டில் இடித்த கதை மட்டும் சாப்பாட்டோடு பரிமாறப்பட்டது.

அன்று அவள் சண்டை போடவில்லை. "சரி, இனிமே என் ஆட்டத்தைத் தொடாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

"என் டிவில ஆடினா அப்படித்தான்" என்றார் அவர். "பிடிக்கலேன்னா உனக்குன்னு ஒண்ணு வாங்கி வச்சுக்கோ."

அந்தச் சனிக்கிழமையே அவள் கடைக்குப் போனாள்.

படுக்கையறை பத்துக்குப் பத்து. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தால் எதிர்ச் சுவருக்கு ஏழடி. அதை அளந்து சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தாள். விற்பனையாளர் அதைப் படிக்காமலேயே சுவரளவு பெரிய டிவி முன் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இருக்கறதுலேயே விலை குறைஞ்சது காட்டுங்க. முப்பத்திரண்டு இஞ்ச் போதும்" என்றாள். "பட்டனை அமுக்கினா எவ்வளவு நேரம் கழிச்சு டிவில தெரியும்?"

"ரிமோட்டாம்மா? உடனே தெரியும்."

"ரிமோட் இல்ல. கேம்."

விற்பனையாளர் விழித்தார். பின்னால் ரிப்பேர் மேஜையில், கொண்டையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் தலையைத் தூக்கினாள்.

"இங்க வாங்கக்கா" என்றாள். "டிவி படத்தை வாங்கினதும் அப்படியே காட்டாது. நிறம் ஏத்தும், நெளிவு எடுக்கும், பவுடர் பூசி, பொட்டு வச்சுத்தான் வெளிய அனுப்பும். அலங்காரம் கூடக்கூட லேட்டாகும். சினிமா பாக்கறவங்களுக்குத் தெரியாது. ஆடறவங்களுக்கு உயிர் போகும். கேம் மோட்ல போட்டா அலங்காரம் எல்லாம் நின்னுடும். இதோ, இந்த மூலையில இருக்கறது விலை கம்மி, சத்தம் சுமார், பக்கவாட்டுல பாத்தா வெளிறும். ஆனா கேம் மோட்ல போட்டா கை வேகத்துக்கு ஓடும்."

அவள் பையிலிருந்து கேம் மெஷினையே எடுத்து மேஜைமேல் வைத்தாள். "மாட்டிப் பாக்கலாமா?"

ரிப்பேர்காரி சிரித்துக்கொண்டே வயரை நீட்டினாள்.

டிவி வீட்டுக்கு வந்தது. "இது தேவையா?" என்றான் கணவன். "நீ சிரிச்சேல்ல? அதுக்குத்தான்" என்றாள். அவன் டிரில்லை எடுத்துவந்தான். சுவரில் துளை போட்டுக் கொடுத்தான். ஹாலில் அத்தான் குரல் கேட்டது: "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்!"

முதல் இரண்டு நாள் அவளுக்கே அந்தச் சந்தேகம் வந்தது. ஒவ்வொரு வளைவிலும் கார் உள்பக்கச் சுவரில் போய் முட்டியது. பிரேக் முந்திக்கொண்டது, திருப்பம் முந்திக்கொண்டது. மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. ஹால் டிவி தாமதமாகக் காட்டும். எட்டு மாதமாக அவள் கை, அந்தத் தாமதத்துக்கு ஈடுகட்டி எல்லாவற்றையும் கொஞ்சம் முந்திச் செய்யப் பழகியிருந்தது. இந்தச் சின்ன டிவி தாமதிப்பதில்லை. ஒரு வாரத்தில் கையைத் திருத்திக்கொண்டாள்.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. அத்தான் மூன்று வருடமாக ஹால் டிவியில்தான் ஓட்டுகிறார். அவர் கையும் முந்தும். அது அவருக்குத் தெரியாது.

சொல்லியிருக்கலாம். ஹால் டிவியையும் கேம் மோடில் போடுவது ரிமோட்டில் மூன்று பட்டன் வேலை. அவள் சொல்லவில்லை. தினமும் மூன்று மணிக்கு மெஷினை அறைக்கு எடுத்துப்போவாள்; ஐந்து மணிக்குப் பத்திரமாக ஹாலில் கொண்டுவந்து வைப்பாள். அவர் சாயங்காலம் தன் டிவியில் ஓட்டிப் பழகட்டும். நன்றாகப் பழகட்டும்.

இரண்டு மாதம் கழித்து டிரைவிங் ஸ்கூலுக்கு இரண்டாவது கார் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அத்தான் தன்னிடம் வேலை பார்க்கும் மூன்று பேரையும் பழைய மாணவர்கள் இருவரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். குழம்பு ஊற்றும் நேரத்தில் கேட்டில் இடித்த கதை வந்தது. அவள் முடியும்வரை கேட்டுவிட்டு, "மூணு ரேஸ் போடலாமா, அத்தான்?" என்றாள்.

"என்கூடயா?"

"நான் ஜெயிச்சா வாரத்துல மூணு நாள் வீட்டுக் கார் எனக்கு. நீங்க ஜெயிச்சா மெஷினை இனிமே நான் தொடமாட்டேன். ஆனா என் ரூம்ல. ஹால்ல ஆடினா, உங்க டிவி, உங்க சோபா, நான் ஜெயிச்சாலும் பாவம்னு விட்டுக்கொடுத்தேன்னு சொல்லிடுவீங்க."

"எங்க வேணா வரேன்" என்றார். கூட்டம் மொத்தமும் படுக்கையறைக்குள் நுழைந்தது. இரண்டு பேர் கட்டிலின் ஓரத்தில், மற்றவர்கள் அலமாரியில் சாய்ந்துகொண்டு.

முதல் வளைவிலேயே அவர் கார் உள்சுவரைத் தேய்த்தது. "கை வழுக்கிடுச்சு" என்றார். இரண்டாவது வளைவில் பிரேக் பிடித்து நேர்ரோட்டிலேயே நின்றார். அவள் கடந்து போனாள். மூன்றாவதில் மறுபடி சுவர். முதல் ஆட்டம் முடிந்தபோது அவர் அரைச் சுற்று பின்னால் இருந்தார்.

"இந்த டிவி சரியில்ல."

"கூடம் கோணலா, அத்தான்?"

கட்டிலில் உட்கார்ந்திருந்த பழைய மாணவன் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். அத்தானின் காது சிவந்தது. இரண்டாவது ஆட்டம் அதைவிட மோசம். மூன்றாவதில் அவர் கார் சுவரில் மோதி, சுழன்று, வந்த திசையைப் பார்த்து நின்றது. எந்தப் பட்டனை அமுக்குவதென்று தெரியாமல் அவர் திணறினார்.

"இறங்குங்க அத்தான்" என்றாள் அவள், நிதானமாக. "காரை ஒரு சுத்து சுத்தி வாங்க. எது முன்பக்கம், எது பின்பக்கம்னு பாத்துட்டு வந்து ஏறுங்க."

இந்தமுறை யாரும் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. அவரிடம் சம்பளம் வாங்குகிறவர்களே கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவர் ஹால் ஆணியிலிருந்து கார் சாவியை எடுத்துவந்து கட்டில்மேல் போட்டுவிட்டுப் போனார். அவளுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

அதற்குப்பின் அவர் ஆடவில்லை. பத்து நாளில் கணவன் சொன்னான்: "அண்ணன் ஒரு மாதிரி இருக்கார். கை மெதுவாயிடுச்சோ, கண்ணு போயிடுச்சோன்னு பயப்படறார். கிளாஸ் எடுக்கறதைக்கூடக் குறைச்சுட்டாராம்."

அவள் கார் சாவியை எடுத்துக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினாள்.

அடுத்த வியாழக்கிழமை அவரை ஆஸ்பத்திரியிலேயே பார்த்தாள். கண் பிரிவு வாசலில், சொட்டுமருந்து போட்டுக்கொண்டு, கையில் சீட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் பரிதாபம் வேறு, கணக்கு வேறு.

டாக்டர் கண்ணில் கோளாறில்லை என்று அனுப்பினார். ஆனால் மருந்தின் கூச்சம் தீரும்வரை ஓட்டக்கூடாது. ஷிஃப்ட் முடிந்து அவள்தான் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். ஆறு வருடத்துக்கு முன் அவளை இறக்கிவிட்ட அதே வாசலிலிருந்து ரிவர்ஸ் எடுத்து, ஒரே திருப்பில் ரோட்டுக்கு வந்தாள். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை அவர் காலால் அழுத்திக்கொண்டே வந்தார்.

பாதி தூரம் போனபின், "நீ சொல்லு" என்றார். "என் கை மெதுவாயிடுச்சா?"

அவள் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு உன் ஆட்டத்தை அழிச்சிருக்கக்கூடாது" என்றார் மறுபடி, மெல்லிய குரலில். "தப்புதான்."

"இங்க சொன்னா எப்படி, அத்தான்? சிரிச்சது ஹால்ல. ஹால்ல சொல்லுங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று நாள் பிடித்தது அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம், மனைவியும் தம்பியும் இருக்கும்போது, எழுந்து நின்று சொன்னார். "கேக்காம அழிச்சது தப்பு. கேட் கதையையும் இனிமே எடுக்கமாட்டேன்." அவள் கணவன் தரையைப் பார்த்தான்.

அவள் ஹால் டிவியின் ரிமோட்டை எடுத்தாள். மூன்று பட்டன். கேம் மோட். கேம் மெஷினின் கன்ட்ரோலரை அவரிடம் கொடுத்து, "ஓட்டுங்க" என்றாள். தன் டிவியிலேயே அவர் முதல் வளைவில் உள்சுவரில் மோதினார்.

"உங்க கையில ஒண்ணும் இல்ல. இந்த டிவி இத்தனை நாள் லேட்டாக் காட்டுச்சு. அதுக்குத் தகுந்தாப்ல முந்திப் பிடிச்சுப் பழகிட்டீங்க. என் டிவி லேட்டாகாது; இப்ப இதுவும் ஆகாது. ஒரு வாரம் ஓட்டினா சரியாயிடும்."

அவர் முகத்தில் முதலில் நிம்மதி வந்தது. பிறகு அது மெல்லக் கெட்டியானது.

"அப்போ, அன்னைக்கு எல்லார் முன்னாலயும்... இது தெரிஞ்சேதான் கூப்பிட்டியா?"

"தெரிஞ்சேதான்."

"ஆஸ்பத்திரியில பெஞ்சுல நான் உக்காந்திருந்தப்பவும்?"

"அப்பவும் தெரியும், அத்தான்."

அவள் ரிமோட்டை டீப்பாயின்மேல் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். பதினைந்து நாள் அவர் அவளோடு பேசவில்லை. ஆறு வருடத்தில் அந்த வீட்டில் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டது அந்தப் பதினைந்து நாள்தான்.