நான்காவது அழைப்பு

அலாரம் அடிக்கும். அணைப்பேன். பல் துலக்குவேன். பாலைச் சூடாக்கி, மேலே படியும் ஆடையோடு குடிப்பேன். வடிகட்டுவது அவள் வேலையாக இருந்தது. சட்டையை உதறி மாட்டிக்கொள்வேன். அதற்குள் அத்தை போன் செய்வார்.

"சாப்ட்டீங்களா மாப்ள?"

"ஆச்சு அத்தை."

பிறகு தினமும் கேட்பதைக் கேட்பார். "கடைசியா அவ என்னதான் சொன்னா? உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள்ல?"

"ஒண்ணும் சொல்லல அத்தை."

மகளின் கடைசி வார்த்தையாக அவருக்கு ஏதோ பெரிதாக வேண்டியிருந்தது. என்னிடம் இருந்தது மிகச் சின்னது. கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்புவேன்.

குழாய் செய்யும் கம்பெனி ஒன்றின் கிளைகளுக்கு இடையே போன்களை ஓடவைப்பது என் வேலை. ஊருக்கு வெளியே இருக்கும் ஆலைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் நடுவே ஒரே இணைப்பு. சரக்குக் கணக்கு, கேமரா, பேச்சு எல்லாம் அதில்தான் போகவேண்டும். ஒரே நேரத்தில் மூன்று அழைப்புகள்தான் தாங்கும். நான்காவது ஏறினால் நான்கு பேர் குரலும் கிழியும். அதனால் நான்காவதைத் தடுத்து, பதிவுசெய்த குரல் ஒன்றைக் கேட்கவைப்போம்.

அது என் மனைவியின் குரல். நான் இருக்கும் இதே தலைமை அலுவலக வரவேற்பில் இருந்தாள். கல்யாணத்துக்கு முன்பே நான்தான் அவளைப் பேசவைத்துப் பதிந்தேன். "எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன. தயவுசெய்து சற்றுப் பொறுத்து அழையுங்கள்." இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே ஒரு சின்ன மூச்சு. அவள் இருந்தபோது ஆலை ஃபோர்மேன் கேலி செய்வார்: "உங்க வீட்டம்மா இவ்ளோ மரியாதையா வெரட்டுறாங்க தம்பி, கோவப்படக்கூட முடியல."

அவள் இறந்துபோன பிறகு, இணைப்பைப் பெரிதாக்க மேனேஜர் அனுமதி வாங்கினார். வேலையும் முடிந்தது. இனி வரம்பை மூன்றிலிருந்து ஏற்றினால் போதும். ஏற்றினால் அந்தக் குரல் யாருக்கும் கேட்காது.

"என்னப்பா, ஏத்திட்டியா?"

"டெஸ்ட் பண்ணிட்டிருக்கேன் சார்."

"பொண்ணு பாக்கற மாதிரி எத்தனை நாள்தான் டெஸ்ட் பண்ணுவ?" என்றவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு கேட்கவே இல்லை.

பதிவு என் செல்போனிலும் இருக்கிறது. ஆனால் அதை நான் அழுத்தினால்தான் ஓடும். போனில் எண்ணை அடித்துக் காத்திருந்தால் அவளாக எடுப்பாள். எனக்கு அது வேண்டியிருந்தது.

மதிய இடைவேளையில் பயிற்சி அறை காலியாக இருக்கும். மேஜையில் நான்கு போன்கள். மூன்றிலிருந்து ஆலையின் சோதனை எண்ணை அழைப்பேன். அது தானாக எடுத்துக்கொள்ளும். மூன்று ரிசீவர்களும் எதுவும் பேசாமல் மேஜையில் கிடக்கும். நான்காவதை எடுத்து அடிப்பேன். மூச்சு. தயவுசெய்து. வைப்பேன், மறுபடி அடிப்பேன். எல்லோரும் சாப்பிடும் நேரம், யாருக்கு என்ன கெடுதல் என்று நினைத்திருந்தேன்.

அன்றும் அப்படித்தான். கேட்டு முடித்து மூன்றையும் வைத்துவிட்டு என் இருக்கைக்கு வந்தேன். சற்று நேரம் கழித்து ஃபோர்மேன் செல்போனிலிருந்து அழைத்தார். ஆலைக்குள் செல்போன் கூடாது. வாசலில் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். உள்ளே இருப்பது சுவர் போன் மட்டும். ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதானாலும் அந்த அழைப்பு எங்கள் அலுவலகம் வழியாகத்தான் வெளியே போகும்.

"தம்பி, நம்ம பையன் ஒருத்தனுக்கு கை மெஷின்ல மாட்டிக்கிச்சு. நாலு தடவை அடிச்சேன். நாலு தடவையும் உங்க வீட்டம்மாதான்." அவருக்கு மூச்சு வாங்கியது. "கடைசித் தடவை அவங்ககிட்டயே கெஞ்சிட்டேன் தம்பி. ரத்தம் போகுதும்மா, லைனக் குடும்மான்னு. பைத்தியக்காரன் மாதிரி. அப்புறம் வாசலுக்கு ஓடி பெட்டிய ஒடச்சு செல்ல எடுத்தேன்."

"இப்ப எங்க?"

"லாரில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். உசுருக்கு ஒண்ணுமில்ல. வெரல்தான் தங்குமான்னு தெரியல. சாப்பாட்டு நேரத்துல அப்படி யாருதான் பேசுறாங்க, மூணு லைன்லயும்?"

"நான்தான்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். "அந்தப் பொண்ணு குரல வச்சு இப்படிப் பண்ணிட்டியேப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

வரம்பைப் பன்னிரண்டுக்கு ஏற்றினேன். சுவர் போனுக்கு வரம்பே கிடையாது என்று மாற்றினேன். பழக்கத்தில் ஆலை எண்ணை அடித்தேன். உடனே மணி போனது. மேனேஜர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"இத மேல சொல்லாம இருக்க முடியாதுப்பா."

"சொல்லுங்க சார்."

ஆஸ்பத்திரிக்குப் போனேன். விரல்களைத் தைத்திருந்தார்கள், மடக்க வருமா என்பது கட்டுப் பிரித்தால்தான் தெரியுமாம். அடிபட்டவனின் மனைவி படியில் உட்கார்ந்து யாரிடமோ போனில் அழுதுகொண்டிருந்தாள். அருகில் போக எனக்குத் தைரியம் வரவில்லை. வெளியே வந்து, முதல்முறையாக நானாக அத்தைக்கு அழைத்தேன்.

"அவ கடைசியா ஒண்ணு சொன்னா அத்தை. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது.

"அவ இருந்த ஆஸ்பத்திரி வார்டுல எல்லாருக்குமா ஒரே போன். வராந்தாவுல நின்னு அதுலேர்ந்து பேசினா. நான்தான் வைக்காத, வைக்காதன்னு பிடிச்சு வச்சிருந்தேன்."

"என்ன சொன்னா மாப்ள?"

"'சரி, வச்சிடுங்க. பின்னாடி ஒரு அம்மா ரொம்ப நேரமா நிக்கறாங்க. அவங்களும் வீட்டுக்குப் பேசணும்ல.'"